வானத்திலிருந்து திரும்பி வரும் ஒளி

இருட்டிய பிறகு ஒரு லேசரை நேர் மேலே திருப்பி ஒரு துடிப்பை விடுகிறார்கள். அது நீடிப்பது நொடியில் 10 கோடியில் ஒரு பங்கு நேரம். அதாவது சுமார் 3 மீட்டர் நீளமுள்ள ஒளித்துண்டு ஒன்று வானத்தில் ஏறுகிறது. பக்கத்திலேயே ஒரு தொலைநோக்கி காத்திருக்கிறது. காற்று மூலக்கூறுகளும் தூசியும் நீர்த்துளிகளும் அந்த ஒளியைச் சிதறடிக்கும்போது, அதில் துளியளவு கீழே திரும்பி வரும். 1 மைக்ரோநொடி கழித்து வந்தால் அது 150 மீட்டர் உயரத்திலிருந்து வந்தது. 133 மைக்ரோநொடி என்றால் 20 கிலோமீட்டர். லைடார் என்ற கருவியின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கோடானுகோடி ஒளித்துகள்களை அனுப்பினாலும், மிக உயரத்திலிருந்து திரும்புவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஆயிரக்கணக்கான துடிப்புகளை விட்டு, வந்ததையெல்லாம் கூட்டித்தான் ஒரு வளைகோடு வரைய முடியும். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால் அந்தக் கோடு வழவழவென்று இறங்கும். அப்படி இறங்கும் கோட்டில் 20 கிலோமீட்டர் அருகே ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தால், அங்கே காற்றைத் தவிர வேறு ஏதோ மிதக்கிறது என்று அர்த்தம்.

லேசர் பிறந்தது 1960இல். 1963இலேயே எம்.ஐ.டி.யில் ஜார்ஜியோ ஃபியோக்கோவும் லூயிஸ் ஸ்மல்லினும் மாணிக்கக்கல் லேசரின் சிவப்பு ஒளியை மேல் வளிமண்டலத்துக்கு அனுப்பி, திரும்பி வந்ததைப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த வேகம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் இந்தத் துறையை எனக்குப் புரியவைத்தது அமெரிக்க விஞ்ஞானி பாட்ரிக் மெக்கார்மிக்கின் ஆய்வு வாழ்க்கைதான். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் 48 அங்குலத் தொலைநோக்கி கொண்ட லைடாரை வைத்து, 1974 முதல் அடுக்கு மண்டலத்தின் துகள்களை அவரது குழு அளந்து வந்தது. எரிமலை எதுவும் வெடிக்காத காலத்தில் வளைகோட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அளந்தார்கள். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்து, 1.5 கோடி டன்னுக்கும் அதிகமான கந்தக டைஆக்சைடை மேலே தள்ளியது. அது கந்தக அமிலத் துளிகளாகி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. அந்தத் துளிப்படலம் வழக்கத்தைவிட எத்தனை மடங்கு என்று சொல்ல, வழக்கம் எது என்று தெரிந்திருக்க வேண்டுமே! ஒன்றும் நடக்காத வருடங்களில் எடுத்த அளவுகள் அப்போது கைகொடுத்தன.

தரையில் நிற்கும் லைடார் தன் தலைக்கு மேலே உள்ளதை மட்டும்தான் பார்க்கும். அதனால் 1994 செப்டம்பரில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் லைட் என்ற லைடார் பறந்தது. அதன் திட்ட விஞ்ஞானி மெக்கார்மிக். இப்போது ஒளி மேலிருந்து கீழே போனது. அப்புறம் 2006இல் காலிப்ஸோ செயற்கைக்கோள். நொடிக்கு சுமார் 20 துடிப்புகள் வீதம், 2023 வரை உழைத்தது.

சரி, திரும்பி வரும் ஒளி தூசியிலிருந்து வந்ததா, நீர்த்துளியிலிருந்தா? அனுப்பும் லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிரும். உருண்டையான நீர்த்துளியில் ஒரு முறை பட்டுத் திரும்பினால் தளம் மாறாது. கோணல்மாணலான பாலைவனத் தூசியிலோ பனிப்படிகத்திலோ பட்டால் தளம் கலைந்துவிடும். இன்னொரு வழி, 1928இல் சி.வி.ராமன் கண்டுபிடித்த விளைவு: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் துளியளவு மட்டும் அலைநீளம் மாறி வரும். 355 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை அனுப்பினால், அந்தத் துளியளவு நைட்ரஜனிலிருந்து 387 ஆகவும் நீராவியிலிருந்து சுமார் 408 ஆகவும் திரும்பும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், காற்றில் நீராவியின் விகிதம் உயரத்துக்கு உயரம் கிடைத்துவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்புகிறது!

காலிப்ஸோவின் தரவில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு திருத்தம். எந்த லைடாருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான காற்று வேண்டும். முதலில் 30 முதல் 34 கிலோமீட்டர் உயரத்தை அப்படி எடுத்துக்கொண்டார்கள். பிறகுதான், அங்கேயும் கொஞ்சம் துகள்கள் இருப்பதும் அதனால் அளவீடுகள் லேசாகப் பிசகுவதும் தெரிந்தது. ஒப்பீட்டு உயரத்தை 36 முதல் 39 கிலோமீட்டருக்கு ஏற்றி, 2006 முதல் சேர்ந்திருந்த தரவு முழுவதையும் மறுபடி கணக்கிட்டார்கள்.