கோட்டா: ஒதுக்கீடா, உச்சவரம்பா?

ரயிலில் தட்கல் கோட்டா, கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா, வேலைவாய்ப்பில் விளையாட்டு கோட்டா. நமக்குக் கோட்டா என்றாலே யாருக்கோ எடுத்து வைத்த பங்கு. அதைத் தமிழில் 'ஒதுக்கீடு' என்கிறோம், சரியாகவே பொருந்துகிறது. ஆனால் வணிகச் செய்தியில் வரும் கோட்டாவையும் 'ஏற்றுமதி ஒதுக்கீடு' என்று எழுதினால், தடுப்பது கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

லத்தீனில் 'குவோட்' என்றால் எத்தனை. 'குவோட்டா பார்ஸ்' என்றால் எவ்வளவு பங்கு. பின்பாதி உதிர்ந்து 'குவோட்டா' மட்டும் நின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஓர் ஊர் படைக்கு அனுப்ப வேண்டிய ஆட்கள், கட்ட வேண்டிய பணம் போன்றவற்றின் பங்கைக் குறித்தது. கொடுக்க வேண்டிய பங்கு பிறகு பெற வேண்டிய பங்கானது. அப்புறம் 'இதற்கு மேல் கூடாது' என்ற எல்லையும் ஆனது.

உலக வணிகச் சட்டத்தில் இருப்பது இந்தக் கடைசிப் பொருள்தான். நாடுகளுக்கிடையிலான வணிகத்துக்கு விதி வகுக்க 1947இல் உருவான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு, ஏற்றுமதி இறக்குமதிக்கு வரி விதிக்க இடம் தருகிறது. கோட்டா, உரிமம் போன்ற வழிகளில் அளவைக் கட்டுப்படுத்துவதை விலக்குகிறது. 20ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காக்கக் கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் உள்நாட்டு உற்பத்தியையோ நுகர்வையோ அதோடு சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டும்.

சீனா சிக்கியது இங்கேதான். காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் தேவையான அருமண் தனிமங்கள், டங்ஸ்டன், மாலிப்டினம் என்ற உலோகங்கள் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு அது கோட்டா வைத்திருந்தது. 2010 வாக்கில் உலகின் அருமண் உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே நாட்டில். 2012இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் காட் விதிகளை இன்று நடைமுறைப்படுத்தும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. வளத்தைக் காக்கவே கோட்டா என்றது சீனா. அருமண் சுரங்கங்கள் மண்ணையும் நீரையும் கெடுத்ததும் உண்மைதான். ஆனால் தோண்டியெடுத்த தாதுவை உள்ளூர் ஆலை வாங்கினாலும் அயல்நாட்டு ஆலை வாங்கினாலும் மலையில் குறைவது ஒரே அளவுதானே? தோண்டலாமா, எவ்வளவு தோண்டலாம் என்பது அந்தந்த நாட்டின் உரிமை. தோண்டிய பிறகு வெளியாருக்கு மட்டும் கதவைப் பாதி சாத்துவதை வளம் காப்பது என்று ஏற்க முடியாது. 2014இல் தீர்ப்பு சீனாவுக்கு எதிராக வந்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. 2015 தொடக்கத்தில் அந்தக் கோட்டாக்கள் நீக்கப்பட்டன.

இந்தப் பொருளுக்கு 'உச்சவரம்பு' என்ற சொல்லே ஏற்றது. நில உச்சவரம்புச் சட்டத்தால் நமக்கு நன்றாகப் பழகிய சொல். 'ஏற்றுமதி உச்சவரம்பு' என்றதும், ஓர் அளவோடு நிறுத்துகிறார்கள் என்பது விளங்கிவிடும். 'ஒதுக்கீடு' என்ற சொல்லுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. ஆண்டுக்கு இத்தனை டன்தான் வெளியே போகலாம் என்று சீனா வைத்தது உச்சவரம்பு. அந்த டன்களை ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது ஒதுக்கீடு.