பக்கத்து வீட்டுச் சேவலுக்கு எதிராக வழக்குப் போடலாமா?

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வழக்கறிஞரான என்னைப் பார்க்க வந்தார். பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் சேவல், அதிகாலை மூன்றரைக்குக் கூவ ஆரம்பித்தால் விடியும்வரை ஓய்வதில்லை என்றார். காவல் நிலையத்துக்கு எழுதிய புகாரும் கையில் தயாராக இருந்தது. “அதை அங்கிருந்து எடுக்கச் சொல்லச் சட்டம் இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டார்.

இருக்கிறது. ஆனால் ஊருக்குள் சேவல் வளர்க்கவே கூடாது என்று எங்கும் ஒற்றை வரியில் எழுதி வைக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் சட்டம் கேட்கும்.

நகர்ப்புறங்களில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சியிடம் உரிமம் பெற்று வளர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவர் உரிமம் வாங்கி நான் பார்த்ததில்லை. யாரும் கேட்பதும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் மனு கொடுத்துவிட்டால், அன்றைக்கு முதலில் கேட்கப்படுவது அதுதான். மாடு வளர்ப்பவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கியதை எல்லோரும் பார்த்துப் பதறினோம். அதற்குப் பிறகு, தெருவில் திரியும் மாட்டுக்கான அபராதத்தை ஏற்றிக்கொண்டே போன மாநகராட்சி, 2024-ல் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் என்று ஆக்கியது.

ஆசிரியர் செல்போன் ஆப்பில் டெசிபல் வேறு அளந்து வைத்திருந்தார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அவை ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சேவல் விஷயத்தில் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உண்மையில் கைகொடுப்பது கோட்டாட்சியரிடம் கொடுக்கும் மனு. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. கேரளத்தில் அடூருக்குப் பக்கத்தில் 2025-ல் இதே மாதிரி ஒரு சேவல் பிரச்சினை கோட்டாட்சியர் வரை போனது. அவர் இரண்டு தரப்பையும் விசாரித்து, இடத்தையும் பார்த்துவிட்டு, மாடியில் இருந்த கூண்டை அதே வளாகத்தின் தென்பக்கத்துக்கு 14 நாளில் மாற்றச் சொன்னார். சேவலை விற்கவோ அறுக்கவோ சொல்லவில்லை. இந்த உத்தரவை நான் கட்சிக்காரர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

சிலர் வெளிச்சம் பட்டால்தான் சேவல் கூவும் என்று நினைத்துக் கூண்டைச் சாக்கால் மூடுகிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வேறு விதமாகக் கண்டார்கள்: எந்நேரமும் மங்கலான வெளிச்சத்திலேயே வைத்திருந்தும் சேவல்கள் தம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின்படிதான் கூவின. வழக்கமான பகல் இரவில் வெளிச்சம் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கூவ ஆரம்பித்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலிலிருந்து கூண்டைத் தள்ளி வைப்பதுதான் வழி. முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டைக் கோழி முட்டையிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சோற்றில் விஷம் வைத்துக் கோழிகளைக் கொன்றுவிட்டு என்னிடம் ஓடி வந்தவரும் உண்டு. அடுத்தவர் வளர்க்கும் உயிரைக் கொல்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். தொல்லைக்கு ஆளாகி நியாயம் கேட்க வேண்டியவர், ஒரே ராத்திரியில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

ஆசிரியரிடம் புகாரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவை நான் போய்ப் பார்த்தேன். “சார், கருப்பசாமிக்கு நேர்ந்து விட்டது. அதைப் போய் எப்படி விக்கிறது?” என்றார். விற்க வேண்டாம், கூண்டை மட்டும் கீழே இறக்கிப் பின்பக்கம் கிணற்றடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஆசிரியரின் உடல்நிலையையும் எடுத்துச் சொன்னேன். அவருக்கு ஆபரேஷன் நடந்ததே அந்த அம்மாவுக்குத் தெரியாது. மறுநாளே கூண்டு இடம் மாறியது. இப்போதும் சேவல் மூன்றரைக்குத்தான் கூவுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டால் அவ்வளவாகக் கேட்பதில்லை என்று ஆசிரியர் சொன்னார்.