தண்ணீர் இருந்தும் வாடும் தக்காளி

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டத்தில் ஒரு செடி மட்டும் உச்சி வெயிலில் தலையைத் தொங்கப்போட்டால், முதலில் சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வாடல் நோய். தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தால், வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கும். இறங்கினால் பாக்டீரியாதான், செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். சரி, மண்ணில் ஈரம் இருக்கிறது, வெள்ளை இழையும் இல்லை, வேரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது என்றால்?

அப்படிப்பட்ட செடிகள் ஆய்வுக்கூடங்களில் பல காலமாக இருக்கின்றன. ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்டூபே என்ற மரபியலாளர் எக்ஸ் கதிர் பாய்ச்சி உருவாக்கிய தக்காளி வகைகளில் ஃபிளாக்கா, சிட்டியென்ஸ், நோட்டாபிலிஸ் என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் ஒரே குறை, அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் போதவில்லை. இலையில் இருக்கும் நுண்துளைகளை மூடச் சொல்வது இந்த ஹார்மோன்தான். அது குறைந்தால் துளைகள் சரியாக மூடாது, வேர் இழுக்கிற தண்ணீரெல்லாம் ஆவியாகப் போய்விடும். 1970-இலேயே ஃபிளாக்கா செடிக்கு இந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள், செடி நிமிர்ந்துவிட்டது.

ஆனால் மூன்றிலும் கெட்டுப்போன மரபணு ஒன்றல்ல. தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி இருக்கிறதே, அதன் பங்காளியான கரோட்டினாய்டுகளிலிருந்துதான் செடி இந்த ஹார்மோனைச் செய்கிறது. 40 கார்பன் உள்ள நிறமியை ஒரு நொதி வெட்டி 15 கார்பன் துண்டாக்கும். அதற்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டுப் போனதுதான் நோட்டாபிலிஸ். அந்தத் துண்டைக் கடைசியில் ஹார்மோனாக மாற்றும் நொதி சிட்டியென்ஸில் கெட்டிருக்கிறது. ஃபிளாக்காவில் அந்த நொதி இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யத் தேவையான மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த துணைப்பொருளில் கந்தகம் ஏற்றும் புரதம் இல்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஏனென்றால் நொதியின் மரபணுவை மட்டும் படித்துப் பார்த்தால் குறையே தெரியாது.

இதையெல்லாம் மரபணு வரிசை படிக்காமலே ஓரளவு ஊகிக்கலாம், ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் சேர்க்கும் கலப்பினச் சேர்க்கை போதும். ஃபிளாக்காவையும் சிட்டியென்ஸையும் கலந்தால், வாடுகிற இரண்டு செடிகளுக்குப் பிறந்த பிள்ளை வாடாது. ஒவ்வொரு பெற்றோரும் மற்றதிடம் இல்லாத நல்ல நகலைக் கொடுத்துவிடுகிறது. ஒரே மரபணு கெட்டிருந்தால் பிள்ளையும் வாடியிருக்கும். அடுத்த தலைமுறையில் வாடல் செடிகள் மறுபடி தலைகாட்டும், அது வேறு விஷயம்.

வாட்டத்தின் அளவும் ஒன்றுபோல இல்லை. சாதாரணச் செடியோடு ஒப்பிட்டால் நோட்டாபிலிஸில் ஏறத்தாழப் பாதி ஹார்மோன் இருக்கும், ஃபிளாக்காவில் ஐந்தில் ஒரு பங்கு, சிட்டியென்ஸில் பத்தில் ஒன்றுதான். வெட்டும் மரபணு முழுசாகவே கெட்டும் நோட்டாபிலிஸ் எப்படிப் பாதி வைத்திருக்கிறது? அதே வேலையைச் செய்யும் வேறு மரபணுக்களும் தக்காளியில் இருக்கின்றன, அவை கொஞ்சம் சமாளித்துக்கொள்கின்றன.

இன்னொரு வேடிக்கை, ஒரு ஹார்மோன் குறைந்தால் இன்னொன்று ஏறிவிடும். ஃபிளாக்காவில் எத்திலீன் கூடுதலாக வரும், அப்சிசிக் அமிலம் அதைக் கட்டுக்குள் வைத்திருந்ததுதான் காரணம். அதனால் இலைகள் கீழ்நோக்கி வளைகின்றன, தண்டிலேயே வேர்கள் முளைக்கின்றன.

தர்மபுரி மாதிரி வறண்ட ஊரில் அடுத்து வரும் கேள்வி, மண் காய்ந்ததை இலைக்குச் சொல்வது வேரா? சுண்டைச் செடிமேல் கத்தரியை ஒட்டுக்கட்டுவது போல, சிட்டியென்ஸையும் சாதாரணத் தக்காளியையும் மாற்றி மாற்றி ஒட்டுக்கட்டிப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. ஹார்மோன் செய்யத் தெரியாத வேர்மேல் நல்ல தக்காளி நின்றபோதும், மண் காயக் காய இலைத்துளைகள் ஒழுங்காக மூடின. நல்ல வேர்மேல் நின்றாலும் சிட்டியென்ஸ் தலையின் துளைகள் சிட்டியென்ஸ் போலவே அதிகம் திறந்திருந்தன. அதாவது துளைகளை மூட இந்த ஹார்மோனை வேர் செய்து அனுப்ப வேண்டியதில்லை.