வகுத்தலில் மறையும் டன்கள்

ஒரு நாடு ஓராண்டில் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடை அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்தால் கிடைப்பது உமிழ்வுச் செறிவு. ஒரு டாலர் மதிப்புக்கு உற்பத்தி நடக்கும்போது எத்தனை கிராம் வாயு வெளியேறுகிறது என்பதை அது காட்டும்.

இந்த எண்ணுக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஜப்பானிய ஆற்றல் பொருளியலாளர் யோய்ச்சி காயாவின் சமன்பாடு அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது: ஒரு டாலர் உற்பத்திக்கு எவ்வளவு ஆற்றல், ஓர் அலகு ஆற்றலுக்கு எவ்வளவு கார்பன். மென்பொருள், வங்கி போன்ற சேவைகளின் பங்கு கூடினால் முதல் எண் இறங்கும். உருக்காலைகள் பெருகினால் ஏறும். இரண்டாவது எண் எரிபொருளைப் பொறுத்தது. ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி, இயற்கை எரிவாயுவைவிட ஏறத்தாழ இரு மடங்கு வெளியேற்றுகிறது. அணு மின்சாரத்தை நம்பும் பிரான்சின் செறிவு குறைவாகவும், நிலக்கரியை நம்பும் தென்னாப்பிரிக்காவின் செறிவு அதிகமாகவும் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். சிமென்ட் இந்தப் பிரிப்புக்குள் முழுதாக அடங்காது. அங்கே சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு பிரிகிறது. சூளையை மின்சாரத்துக்கு மாற்றினாலும் அது நிற்காது.

வகுக்கும் எண்ணிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. பணவீக்கத்தை நீக்காவிட்டால், எதுவும் மாறாமலே செறிவு இறங்கியதுபோல் தோன்றும். இந்தியாவின் உற்பத்தியை நாணயமாற்று விகிதத்துக்குப் பதிலாக வாங்கும் திறன் சமநிலையில், அதாவது அதே பணம் அந்தந்த நாட்டு விலையில் எவ்வளவு வாங்கும் என்று பார்த்து, கணக்கிட்டால், அது மூன்று மடங்குக்கும் மேலாகிறது. செறிவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. எந்தக் கணக்கு என்று சொல்லாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

பொருளாதாரம் 7 சதவீதம் வளர்ந்து, செறிவு 4 சதவீதம் இறங்கினால், உமிழ்வு சுமார் 2.7 சதவீதம் கூடும். அது கூடாமலிருக்கச் செறிவு 6.5 சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும். 2005 முதல் 2019 வரை தன் செறிவு 33 சதவீதம் குறைந்ததாக இந்தியா ஐ.நா.வுக்குத் தெரிவித்தது. அதே காலத்தில் மொத்த உமிழ்வு கூடியது.

2030க்குள் செறிவை 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பது இந்தியா 2022இல் வகுத்த இலக்கு. வீடும் சாலையும் மின்சாரமும் இன்னும் பெருக வேண்டிய நாட்டுக்கு இது நியாயமான அளவுகோல் என்றே நினைக்கிறேன். ஆனால் 2002இல் அமெரிக்காவின் புஷ் அரசும், பத்தாண்டுகளில் செறிவை 18 சதவீதம் குறைப்போம் என்று இதே அளவுகோலைக் கையில் எடுத்தது. நூற்றாண்டுக்கும் மேலாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளம் பெற்ற நாடு டன் கணக்கில்தான் வாக்குறுதி தந்திருக்க வேண்டும்.