இறுக்கினால் மட்டும் போதுமா? வி பெல்ட் பிடிக்கும் விதம்

"பழைய ஜீப்புக்குப் புது ஃபேன் பெல்ட் போட்டேன். ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சென்று கத்துகிறது. எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் மறுபடி கத்துகிறது, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதில் இறுக்கத்தில் இல்லை, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தில் இருக்கிறது.

எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கிராங்க் புல்லி சுற்ற, பெல்ட் வழியாக வாட்டர் பம்ப்பும் ஃபேனும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சுற்றுகின்றன. இதெல்லாம் தெரிந்ததுதான். பெல்ட்டின் குறுக்குவெட்டு ஏன் வி வடிவில் இருக்கிறது? பக்கவாட்டிலும் ரப்பர் படுவதால் பரப்பு கூடுகிறது, அதனால் பிடிப்பும் கூடுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் உராய்வு பரப்பைப் பொறுத்ததல்ல, அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று 1699-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி அமோன்டன்ஸ் சொல்லிவிட்டார். ரப்பர் அந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது, இருந்தாலும் இங்கே விஷயம் பரப்பு இல்லை.

விஷயம் ஆப்பு. மரம் பிளக்கும் ஆப்பை மேலிருந்து மெல்லத் தட்டினாலே பக்கவாட்டில் பெரிய விசை கிளம்புகிறது அல்லவா, அதேதான் இங்கேயும். பள்ளத்தின் கோணம் 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் 10 கிலோ விசையோடு பள்ளத்துக்குள் இறங்கப் பார்த்தால் இரண்டு பக்கச் சுவர்களிலும் சேர்த்து 32 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். 10-ஐ சைன் 18 டிகிரியால் வகுத்துப் பாருங்கள், அவ்வளவுதான் கணக்கு. இழுவிசையைத் துளிகூடக் கூட்டாமல், வெறும் வடிவத்தாலேயே உராய்வு மூன்று மடங்குக்கு மேல் போகிறது!

இதைவிட அழகு அடுத்தது. பெல்ட் வழுக்காமல் இருக்க, இறுக்கமான பக்கத்து இழுவிசை தளர்ந்த பக்கத்தைப் போல அதிகபட்சம் எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதற்கு, 18-ம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் போட்ட கணக்கு இருக்கிறது. அதில் உராய்வு எண் (அழுத்தும் விசையில் எவ்வளவு பங்கு உராய்வாகிறது என்பதன் அளவு) அடுக்கில் போய் உட்காருகிறது, அதனால் அது மூன்று மடங்கானால் விடை மூன்று மடங்காவதோடு நிற்காது. உராய்வு எண் 0.3, பெல்ட் புல்லியை அரைவட்டம் சுற்றியிருக்கிறது என்றால் தட்டை பெல்ட்டுக்கு விடை சுமார் 2.6, வி பெல்ட்டுக்குச் சுமார் 21. அதே வி பெல்ட் 120 டிகிரி மட்டும் சுற்றியிருந்தால் 21 என்பது ஏழரையாகச் சரிந்துவிடும். ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, பெல்ட் அதைச் சுற்றுவதும் குறைவு, அதனால் முதலில் வழுக்குவது அங்கேதான். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரி நிறைய சார்ஜ் இழுக்கும், கூடவே ஹெட்லைட்டும் போட்டிருந்தால் அந்த நேரத்தில்தான் கத்தும்.

இப்போது வாசகரின் ஜீப்புக்கு வருவோம். சேற்றிலும் மணலிலும் பல வருஷம் ஓடிய வண்டியில் பள்ளத்தின் பக்கச் சுவர்கள் அரைபட்டுக் குழிந்திருக்கும். புது பெல்ட் அதில் ஆழமாக இறங்கி அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். ஆப்பு போய்விட்டது, வி பெல்ட் தட்டை பெல்ட்டாகிவிட்டது, 21 கிட்டத்தட்ட 2.6 ஆகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட் அங்கே உரசுகிறது என்று அர்த்தம், புல்லியை மாற்றத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டு இறுக்கிக்கொண்டே போனால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும்தான் போகும்.

கத்தும் பெல்ட்டுக்கு சோப்பு தேய்ப்பது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் என்னைப் பொறுத்தவரை மூடநம்பிக்கைதான். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கலாம் என்று 1966-ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. இவ்வளவு பணத்தை மிச்சம் பிடித்துத் தரும் இந்த உராய்வு, தேய்மானத் துறைக்கு ஆராய்ச்சி நிதி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பேன்.

மாற்றும் வேலை எளிது. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி அதை உள்ளே தள்ளுங்கள், பெல்ட் தானாகவே கழன்று வரும். புது பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றவே கூடாது, சுமை தாங்கும் உள் இழைகள் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இறுக்கும்போது லீவரை ஆல்டர்னேட்டரின் முன்பக்கத்தில் கொடுங்கள், பின்மூடி அலுமினியம், விரிசல் விடும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 13 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும், உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. அப்புறம், பெல்ட் பள்ளத்தில் படிந்து கொஞ்சம் நீளும், அதனால் சிறிது நேரம் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் இன்னொரு தடவை இறுக்குங்கள். இரட்டை பெல்ட் போட்ட டீசல் எஞ்சின் என்றால் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், சுமை முழுக்கப் புதியதன் மேல் விழும்.