பாடவேளையில் மட்டும் செல்போனைத் தடுத்தால் போதாது

பள்ளியில் செல்போனைக் கட்டுப்படுத்தலாமா என்று கேட்கிற பெற்றோர், ஆசிரியர் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கட்டுப்படுத்துவதாக இருந்தால் காலை முதல் மணியிலிருந்து மாலை கடைசி மணி வரை, இடைவேளையையும் சேர்த்து, முழுதாகச் செய்யுங்கள். "வகுப்பு நடக்கும்போது எடுக்காதே, சைலன்டில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொள்" என்கிற பாதி விதிதான் பிள்ளைகளை அதிகம் படுத்துகிறது. பள்ளி மனநல ஆலோசகராக வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி நான் வந்து சேர்ந்த இடம் இது.

போன் பையில் இருக்கும் வரை அதை எடுக்காமல் இருப்பதே ஒரு தனி வேலை. பாடத்தைக் கவனிக்க வேண்டும், கூடவே அந்த வேலையையும் பார்க்க வேண்டும். 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 800 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்குப் போன் மேசைமேல், சிலருக்குப் பையிலோ சட்டைப்பையிலோ, சிலருக்குப் பக்கத்து அறையில். எல்லாப் போனும் சைலன்டில்தான் இருந்தது. நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் வைத்த சோதனைகளில் போனைப் பக்கத்து அறையில் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள், மேசைமேல் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்வது இதோடு ஒத்துப்போகிறது: "மெசேஜ் வந்திருக்குமோன்னு தோணிக்கிட்டே இருக்கு, எடுத்துப் பார்த்துட்டாக்கூட நிம்மதியா இருக்கும்."

தன் போன் மட்டும் பிரச்சினை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா தேர்வில் 2022-ல் கலந்துகொண்ட, ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் மாணவர்களில் சராசரியாக 59 சதவீதம் பேர், கணித வகுப்புகள் சிலவற்றிலாவது அடுத்தவர்கள் பயன்படுத்தும் கருவிகளால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போனே கொண்டுவராத பிள்ளையும் பக்கத்து இருக்கையின் திரைக்காக விலை கொடுக்கிறது. "என் பையன் பொறுப்பானவன், அவனுக்கு எதற்குத் தடை" என்று கேட்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாதி விதியில் இன்னொரு சிக்கல், அது ஒவ்வொரு ஆசிரியரின் தலையிலும் விழுகிறது. ஒருவர் பார்த்தும் பார்க்காமல் விடுவார், ஒருவர் பிடுங்கி வைப்பார், ஒருவர் பத்து நிமிடம் திட்டுவார், அந்தப் பத்து நிமிடப் பாடம் மொத்த வகுப்புக்கும் போய்விடும். கண்டிப்பானவர் வில்லன் ஆகிறார். காலையிலேயே லாக்கரிலோ பூட்டுப் பையிலோ வைத்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. நார்வேயின் நடுநிலைப் பள்ளிகளைப் பற்றி 2024-ல் வந்த ஓர் ஆய்விலும், சைலன்டில் வைக்கச் சொன்ன பள்ளிகளைவிட, போனைக் கொண்டுவரவே கூடாது அல்லது காலையில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்ன பள்ளிகளில்தான் மாணவிகளின் மதிப்பெண்ணில் கூடுதல் பலன் தெரிந்தது.

இப்போது இடைவேளைக்கு வருகிறேன், ஏனென்றால் என் அறைக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. ஒருவர் சாப்பிடும்போது எடுத்த அசிங்கமான போட்டோ, கழிப்பறைக் கதவுக்கு மேலே கையை நீட்டி எடுத்த வீடியோ, ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப், யாருக்கென்று பெயர் போடாமல் எல்லோருக்கும் புரிகிற மாதிரி வைத்த ஸ்டேட்டஸ். இதெல்லாம் மதிய இடைவேளையில் நடந்து, பிற்பகல் முதல் வகுப்புக்குள் இருபது பேர் கைக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளை பாடம் கேட்கிற நிலையிலா இருக்கும்? யாராவது தன்னைப் படம் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நாள் முழுக்கக் கழிப்பறைக்கே போகாமல் இருக்கிற பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபிறகு, "இடைவேளை அவர்களுடைய நேரம்தானே, விட்டுவிடலாமே" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. பிரான்ஸ் 2018-ல் கொண்டுவந்த சட்டமும் பிரேசில் 2025-ல் கொண்டுவந்த சட்டமும் இடைவேளையையும் சேர்த்தேதான் தடுக்கின்றன.

ஆனால் போனை எடுத்துவிட்டால் வெளியே தெரிந்துவிடுகிற பிள்ளைகளும் உண்டு. நண்பர்கள் இல்லாத பிள்ளைக்குப் போன்தான் மறைவிடம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தனியாக நிற்பது யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் "பிஸியா இருக்கான்" என்று நினைத்துக்கொள்வார்கள். திடீரென்று ஒருநாள் அது கையில் இல்லை என்றால் அந்த அரைமணி நேரம் அந்தப் பிள்ளைக்குக் கொடுமை. அதனால் தடை தொடங்கும் அன்றே நூலகம் திறந்திருக்க வேண்டும், செஸ், கேரம், வரைவதற்குத் தாள் என்று ஏதாவது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், யார் தனியாக நிற்கிறார்கள் என்று ஒரு பெரியவர் கவனிக்க வேண்டும். இதைச் செய்யாமல் போனை மட்டும் பறிக்கிற பள்ளி வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

பெற்றோரிடம் ஒன்று நேராகவே கேட்டுவிடுகிறேன். பள்ளி நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு வரும் மெசேஜ்களில் எத்தனை நீங்கள் அனுப்பியவை? "சாப்பிட்டியா", "மார்க் வந்ததா", "வரும்போது அத்தை வீட்டுக்குப் போயிட்டு வா". அன்பாக அனுப்புவதுதான், ஆனால் பார்த்துப் பதில் போட வேண்டியது வகுப்பில் இருக்கும் பிள்ளை. பிள்ளை பெற்றோருக்கு அனுப்பும் மெசேஜிலும் இதே கதைதான். தோழியோடு ஒரு சின்னச் சண்டை, உடனே அழுதுகொண்டே அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அரைமணியில் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள், அம்மாவோ வேலையிடத்தில் மாலை வரை தவித்துக்கொண்டிருப்பார். சின்னக் கஷ்டத்தைத் தானே சமாளிக்கும் வாய்ப்பும் பிள்ளைக்குப் போய்விடுகிறது. அவசரம் என்றால் பள்ளி அலுவலக எண் இருக்கிறது. அதை அழைத்தால் யாராவது எடுப்பார்களா, செய்தி பிள்ளையிடம் போய்ச் சேருமா என்பதைப் பள்ளி உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் பெற்றோரை நம்பச் சொல்வது நியாயமில்லை.

சரி, இவ்வளவும் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. இங்கிலாந்தின் 4 நகரங்களில் உள்ள பள்ளிகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில், தடைக்குப் பிறகு பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது, நன்றாகப் படிப்பவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஸ்வீடனில் அதே மாதிரி ஆய்வு செய்து பார்த்தபோது பலனே தெரியவில்லை. 2025-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் நடத்திய ஆய்வில், கட்டுப்பாடு உள்ள பள்ளி, இல்லாத பள்ளி இரண்டிலும் பிள்ளைகளின் மனநலம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரு நாளில் மொத்தமாகப் போனில் கழிக்கும் நேரம் கூடக்கூடத்தான் மனநலமும் தூக்கமும் மோசமாக இருந்தன. பள்ளியில் தவறவிட்டதை இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து பார்த்தால் பள்ளியால் என்ன செய்ய முடியும்? அந்த நேரம் வீட்டின் பொறுப்பு.

விதி எழுதும் பள்ளிகளுக்குச் சில வார்த்தைகள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு, உடலில் பொருத்திய சென்சார் காட்டும் சர்க்கரை அளவு பெரும்பாலும் போனில்தான் தெரியும். அது மருத்துவக் கருவி. போனோடு இணைத்த காது கேட்கும் கருவியும் அப்படித்தான். இந்த விலக்குகளை விதியிலேயே எழுதி, எல்லா ஆசிரியர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தப் பிள்ளை வகுப்பு நடுவே எழுந்து நின்று தன் நோயை விளக்கும்படி வைக்காதீர்கள். ஸ்மார்ட் வாட்சையும் சேர்த்தே எழுதுங்கள், இல்லையென்றால் மெசேஜ் எல்லாம் மணிக்கட்டுக்கு வந்துவிடும். பிடிபட்ட போனை வாரக்கணக்கில் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, திரும்பத் திரும்ப நடந்தால் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். அப்புறம், வகுப்பறையில் ஆசிரியரின் போனும் மேசைமேல் இருக்கக் கூடாது. பிள்ளைகள் என்னிடம் முதலில் புகார் சொல்வது அதைப் பற்றித்தான்.