டெமோ: செயல்விளக்கமா, கைவரிசையா?

மிக்ஸி வாங்கப் போனால் கடைக்காரர் டெமோ காட்டுவார். அந்த டெமோவுக்குச் 'செயல்விளக்கம்' என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. வேளாண் துறையினர் 'செயல்விளக்கத் திடல்' என்று எப்போதோ எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பழைய கணினிப் பித்தர்கள் சொல்லும் டெமோ வேறு. அதில் விற்க எதுவும் இல்லை. 'இந்தப் பெட்டியை இப்படியும் ஆட்டிவைப்பேன் பார்' என்பதுதான் அதன் பொருள்.

மூலம் லத்தீன். 'டெமோன்ஸ்ட்ராரே' என்றால் சுட்டிக்காட்டுதல். அதற்குள் இருக்கும் 'மோன்ஸ்ட்ரம்' சகுனத்தையும் அதிசயத்தையும் குறித்த சொல். மான்ஸ்டரும் அதன் வழிவந்ததுதான். ஒருவகையில் டெமோவுக்கு மான்ஸ்டர் பங்காளி முறை!

கணினி டெமோ பிறந்த இடம் அத்தனை கௌரவமானதல்ல. 1980களில் ஐரோப்பாவில் விளையாட்டு நிரல்களின் பூட்டை உடைத்து நகலெடுத்தவர்கள், நிரலின் தொடக்கத்தில் தங்கள் குழுப்பெயரை ஓடும் எழுத்தில், இசையோடு சேர்த்துவிட்டார்கள். பிறகு திருட்டு ஒரு பக்கம் நிற்க, ஜோடனை மட்டும் தனிக்கலையாகிவிட்டது. 2020இல் பின்லாந்து இதைத் தன் வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

படத்தையும் ஒலியையும் இடம் மாற்றும் டெமோக்கள் இதில் தனி ரகம். 1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64இன் படக்கம்பியை ஒலிபெருக்கியில் செருகினால் என்ன கேட்கும்? கம்பியில் போவது ஏறி இறங்கும் மின்னழுத்தம்தானே. ஐரோப்பாவின் பழைய தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) திரையில் நொடிக்கு 15,625 வரிகள். 18 வரி வெள்ளை, 18 வரி கறுப்பு என்று பட்டை பட்டையாக வரைந்துகொண்டே போனால், ஏறத்தாழ 434 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் கேட்கும். பட்டையின் அகலத்தை மாற்றினால் சுரமும் மாறும், வரைந்தே பாடலாம். ஒலியை எழுப்பும் சில்லை (சிப்) வைத்துப் படம் காட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடிதான் அவகாசம். அதற்குள் ஒலியளவை ஏற்றி இறக்கித் தொலைக்காட்சியை நம்பவைக்க வேண்டும்.

2021இல் ரிஃப்ளெக்ஸ் குழு வெளியிட்ட 'ஃப்ரீஸ்பின்' என்ற டெமோ இன்னும் ஒருபடி மேலே போனது. ஓடத் தொடங்கிய பிறகு அதற்குக் கணினியே வேண்டாம், கமடோரோடு இணைக்கும் 1541 என்ற பிளாப்பி டிரைவ் போதும். டிரைவுக்குள் தனிச் செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. கணினியிலிருந்து நிரலை ஏற்றியதும் கம்பியைக் கழற்றித் திரையில் மாட்டிவிடுகிறார்கள். தரவு போகும் கம்பியில் படம் வருகிறது. டிரைவின் மோட்டார் உறுமி உறுமி இசைக்கிறது.

இதைப் போய்ச் செயல்விளக்கம் என்றால் சப்பென்று இருக்கிறது. 'வித்தை' பரவாயில்லை, ஆனால் கண்கட்டு வாடை அடிக்கிறது. என் தேர்வு 'கைவரிசை'. கைத்திறனைக் காட்டுவதும் கைவரிசைதான். 'பூட்டிய வீட்டில் மர்ம நபர்கள் கைவரிசை' என்று செய்தித்தாள் எழுதுவதும் அதே சொல்தான். பூட்டை உடைத்துப் பிறந்த கலைக்கு இந்த இரட்டைப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. என்ன, இணையத்தில் 'கைவரிசை' என்று தேடினால் கமடோருக்கு முன்னால் நகைத் திருட்டுதான் வந்து நிற்கும்.